லூபஸ் நோயறிதலில் ஆன்டிபாடி பரிசோதனை: எடுக்கும் முறையும் வாசிக்கும் முறையும்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் "ஏ.என்.ஏ. பாசிட்டிவ்" என்ற ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு, லூபஸ் வந்துவிட்டதென்றே முடிவுசெய்து பல நாள் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. மூட்டு வீக்கம், வாய்ப்புண், ஓயாத களைப்பு என்று ஆண்டுக்கணக்கில் மருத்துவர் மாற்றி மருத்துவரைப் பார்த்தும், இந்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தராததால் சிறுநீரகம் பழுதுபட்ட பிறகே நோயின் பெயரைத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. முன்னவர் பட்ட அச்சமும் பின்னவர் இழந்த காலமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: எந்தக் கேள்விக்கு இந்தப் பரிசோதனை விடை தரும், எந்தக் கேள்விக்குத் தராது என்பதை அவர்களுக்கு யாரும் பொறுமையாக எடுத்துச் சொல்லவில்லை.

லூபஸ் என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் சொந்தத் திசுக்களையே பகையாகக் கருதித் தாக்கும் நோய். கிருமிகளை எதிர்க்க உருவாக வேண்டிய எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், நம் செல்களின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வுக்கும் புரதங்களுக்கும் எதிராக உருவாகிவிடுகின்றன. இவற்றைத் தன்னெதிர்ப்பொருள்கள் என்கிறோம். ரத்தத்தில் இவை இருக்கின்றனவா, இருந்தால் எவை, எவ்வளவு என்று தேடுவதுதான் இங்கே பேசப்படும் பரிசோதனை. ஒன்றை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்: லூபஸ் உண்டு அல்லது இல்லை என்று தனித்து நின்று தீர்ப்பளிக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அறிகுறி கேள்வியை எழுப்ப வேண்டும். பரிசோதனை அதற்கு விடை தேட வேண்டும். இந்த வரிசை மாறினால், துல்லியமான ஆய்வகம் தரும் துல்லியமான முடிவுகூடத் தவறான பாதையில் கொண்டுபோய் விடும்.

பரிசோதனைக்கு முன்பு

முதல் வேலை ஊசி போடும் இடத்தில் தொடங்குவதில்லை. வீட்டில், ஒரு தாளை எடுத்து அறிகுறிகளை எழுதுவதில் தொடங்குகிறது. எந்தெந்த மூட்டுகள் வலிக்கின்றன, வலி மட்டுமா, வீக்கமும் உண்டா, காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வெயில் பட்டால் தோல் சிவக்கிறதா, மூக்கின் இருபுறமும் கன்னங்களில் தடிப்பு வந்ததா, வலியில்லாத வாய்ப்புண் மேலண்ணத்தில் தோன்றியதா, முடி கொத்துக்கொத்தாக உதிர்கிறதா, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா, குளிரில் விரல்கள் வெளுத்துப் பின் நீலமாகின்றனவா, காரணம் தெரியாத காய்ச்சல் வந்து வந்து போகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்பவற்றையெல்லாம் நாள் குறிப்போடு எழுதிக்கொள்ளுங்கள். தோல் தடிப்பு மருத்துவரைப் பார்க்கும் நாளில் மறைந்திருக்கக்கூடும் என்பதால், வந்த அன்றே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. கருச்சிதைவு, ரத்தக் கட்டு, வலிப்பு ஆகியவை முன்பு எப்போதாவது ஏற்பட்டிருந்தால் அதையும், குடும்பத்தில் யாருக்கேனும் லூபஸ், முடக்குவாதம், தைராய்டு தன்னெதிர்ப்பு நோய் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பக்கக் குறிப்பு, பின்னால் வரப்போகும் எல்லா எண்களுக்கும் பொருள் தரும் ஆவணம்.

அடுத்தது மருந்துப் பட்டியல். சில மருந்துகள் லூபஸ் போன்ற ஒரு நிலையைத் தாமே உண்டாக்குகின்றன. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ராலசின், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரப்படும் புரோகைனமைடு, காசநோய்க்கான ஐசோனியசிட், முகப்பருவுக்குத் தரப்படும் மினோசைக்ளின், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்க முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் செலுத்தப்படும் டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசிகள் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. முடி வளர்ச்சிக்காக அதிக அளவில் எடுத்துக்கொள்ளும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வக முறைகளின் முடிவைப் பிழையாக்கக்கூடும். அண்மையில் ரத்தமோ, இம்யூனோகுளோபுலின் ஊசியோ ஏற்றப்பட்டிருந்தால், பிறருடைய எதிர்ப்பொருள்கள் உங்கள் ரத்தத்தில் சில வாரங்கள் உலவக்கூடும். இவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமே தவிர, பரிசோதனைக்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

மற்றபடி ஆயத்தம் எதுவும் தேவையில்லை. இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியமும் இல்லை. கை நரம்பிலிருந்து வழக்கமாக எடுக்கும் சிறிதளவு ரத்தமே போதும்.

முதல் படி: ஏ.என்.ஏ.

செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் ஏ.என்.ஏ. இது வாசல் பரிசோதனை. லூபஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ எல்லோருக்குமே, நூறில் 98 பேருக்கு என்று சொல்லலாம், இது பாசிட்டிவாக இருக்கும். அதனால் இது நெகட்டிவாக வந்தால் லூபஸ் இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. இதன் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது: நோயை உறுதிசெய்வதைவிட, நோய் இல்லை என்று ஒதுக்குவதில் இது சிறந்தது.

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது என்று தெரிந்தால் அறிக்கையை வாசிப்பது எளிதாகும். ஹெப்-2 எனப்படும், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல்கள் கண்ணாடித் தகட்டில் பரப்பப்பட்டிருக்கும். உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்த்து அதன்மேல் இடுவார்கள். உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் அது செல்லில் ஒட்டிக்கொள்ளும். பிறகு, மனித எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளக்கூடிய ஒளிரும் சாயப் பொருளைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒட்டியிருக்கும் இடங்கள் பச்சையாக ஒளிரும். இதற்கு இம்யூனோஃபுளோரசன்ஸ் முறை என்று பெயர்; அறிக்கையில் ஐ.எஃப்.ஏ. அல்லது ஐ.ஐ.எஃப். என்று குறிப்பார்கள். சில ஆய்வகங்கள் இதற்குப் பதிலாக, நிறமாற்றத்தை அளந்து எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலிசா முறையிலோ, பல எதிர்ப்பொருள்களை ஒரே நேரத்தில் தேடும் இயந்திர முறையிலோ ஏ.என்.ஏ. பார்க்கின்றன. அவை விரைவானவை, ஆனால் தகட்டில் வைக்கப்பட்ட குறிப்பிட்ட புரதங்களுக்கு எதிரானவற்றை மட்டுமே பிடிக்கும். அமெரிக்க வாதவியல் கல்லூரி இம்யூனோஃபுளோரசன்ஸ் முறையையே உரைகல்லாகக் கொள்கிறது. ஆகவே, அறிகுறிகள் லூபஸை நோக்கிக் கைகாட்டும்போது எலிசா ஏ.என்.ஏ. நெகட்டிவ் என்று வந்தால், ஹெப்-2 செல்களில் மறுபடியும் பார்க்கச் சொல்வது நியாயமான வேண்டுகோள்.

அறிக்கையில் இரண்டு செய்திகள் இருக்க வேண்டும். ஒன்று டைட்டர். 1:80 என்றால் சீரத்தை 80 மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்வு தெரிந்தது என்று பொருள். 1:640 என்றால் 640 மடங்கு நீர்த்த பிறகும் தெரிந்தது. இரண்டாம் எண் பெரிதாகப் பெரிதாக எதிர்ப்பொருள் அதிகம். ஒவ்வொரு படியும் முந்தையதன் இருமடங்கு என்பதால், ஒரு மாதம் 1:160, மறுமாதம் 1:320 என்று வந்தால் நோய் இருமடங்கானதாகப் பதற வேண்டாம். அது ஒரு படி வேறுபாடு, பார்ப்பவர் கண்ணுக்கும் ஆய்வகத்துக்கும் ஏற்ப அந்த அளவு மாறுவது இயல்பு.

இந்த எண்ணை எடைபோட, நலமாக இருப்பவர்களிடமும் ஏ.என்.ஏ. எவ்வளவு காணப்படுகிறது என்பது தெரிய வேண்டும். 1997இல் பல ஆய்வகங்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வின்படி, நலமானவர்களில் 1:40 அளவில் 31.7 விழுக்காட்டினரும், 1:80 அளவில் 13.3 விழுக்காட்டினரும், 1:160 அளவில் 5 விழுக்காட்டினரும், 1:320 அளவில் 3.3 விழுக்காட்டினரும் பாசிட்டிவாக இருந்தார்கள். அறிகுறி எதுவும் பார்க்காமல் ஆயிரம் பேருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்வதாகவும், அவர்களில் ஒருவருக்கு மட்டும் லூபஸ் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 1:80 அளவில் ஏறத்தாழ 134 பேருக்குப் பாசிட்டிவ் வரும். அவர்களில் லூபஸ் உள்ளவர் ஒருவர். மீதி 133 பேரும் காரணமில்லாமல் கலங்கி நிற்பார்கள். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ஏ.என்.ஏ.வைச் சேர்த்து விற்பதை நான் வன்மையாக மறுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நலமானவர்கள் மட்டுமல்ல, தைராய்டு தன்னெதிர்ப்பு நோய், கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஜோக்ரன் நோய், தோல் இறுக்க நோயான ஸ்க்ளெரோடெர்மா, தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி, நாட்பட்ட தொற்றுகள், சில புற்றுநோய்கள் ஆகியவற்றிலும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாகலாம். பெண்களிடமும், வயது கூடியவர்களிடமும், லூபஸ் நோயாளிகளின் ரத்த உறவினர்களிடமும் இது கூடுதலாகவே காணப்படுகிறது.

இரண்டாவது செய்தி பேட்டர்ன், அதாவது ஒளிரும் கோலம். உட்கரு முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தால் ஹோமோஜீனியஸ், இது டி.என்.ஏ., அது சுற்றப்பட்டிருக்கும் புரதமான ஹிஸ்டோன் ஆகியவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை நினைவூட்டும். புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் ஸ்பெக்கில்டு, அடுத்த படியில் விளக்கப்படும் எஸ்.எம்., ஆர்.என்.பி., ரோ, லா போன்ற எதிர்ப்பொருள்கள் இதில் அடங்கும். சென்ட்ரோமியர் கோலமும் நியூக்ளியோலார் கோலமும் பெரும்பாலும் ஸ்க்ளெரோடெர்மாவின் பக்கம் கைகாட்டும். டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கில்டு என்ற அடர்ந்த நுண்புள்ளிக் கோலம் தனித்துவமானது: டி.எஃப்.எஸ்.70 என்ற எதிர்ப்பொருள் மட்டுமே இருந்து, வேறு எந்தக் குறிப்பிட்ட தன்னெதிர்ப்பொருளும் இல்லையென்றால், லூபஸ் போன்ற நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு என்றே அது சொல்கிறது. பாசிட்டிவ் என்ற சொல்லே ஒருவருக்கு ஆறுதலாக அமையும் அரிய இடம் இது. டைட்டரையும் பேட்டர்னையும் விட்டுவிட்டுப் "பாசிட்டிவ்" என்று மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால், அந்த அறிக்கையை அரைகுறை என்றே கருதி, முழு விவரத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

இடையில் ஒரு குறிப்பு. 1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மால்கம் ஹார்க்ரேவ்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் எல்.இ. செல் என்ற விந்தையான செல்லைக் கண்டறிந்தார்கள். இந்த ஆய்வுத்துறை வளர்ந்ததற்கே அது வித்து. அந்தச் செல்லைத் தேடும் பழைய பரிசோதனைக்கு இன்றைய நோயறிதலில் இடமில்லை. யாரேனும் எழுதித் தந்தால், ஏ.என்.ஏ. போதாதா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த எதிர்ப்பொருள் என்று பிரித்தறிதல்

ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருந்து, அறிகுறிகளும் பொருந்தினால்தான் இந்தப் படிக்கு வர வேண்டும். ஏ.என்.ஏ. நெகட்டிவாக உள்ளவருக்கு நீண்ட பட்டியலாகத் துணைப் பரிசோதனைகளை எடுப்பது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, செலவையும் குழப்பத்தையும்தான் கூட்டும்.

இவற்றில் தலையாயது ஈரிழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள். அறிக்கையில் ஆன்டி டி.எஸ். டி.என்.ஏ. என்று இருக்கும். லூபஸ் நோயாளிகளில் பாதிப் பேர் முதல் 70 விழுக்காட்டினர் வரை இது காணப்படுகிறது; மற்றவர்களிடம் அரிது. சிறுநீரகத்தைத் தாக்கும் லூபஸோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. அதோடு, பலருக்கு நோய் சீறும்போது இதன் அளவு ஏறி, அடங்கும்போது இறங்குவதால், நோயறிந்த பிறகும் பயன்படும் சில எதிர்ப்பொருள்களில் இது ஒன்று.

இதைக் கண்டறிய மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. எலிசா முறை சிறு அளவையும் பிடித்துவிடும். அதனாலேயே லூபஸ் இல்லாதவரிடமும் சில நேரம் மெல்லிய பாசிட்டிவ் காட்டும். ஃபார் முறை வலுவாக ஒட்டும் எதிர்ப்பொருள்களை மட்டும் அளக்கும்; ஆனால் கதிரியக்கப் பொருள் தேவைப்படுவதால் சில இடங்களில் மட்டுமே செய்யப்படுகிறது. மூன்றாவது, கிரித்திடியா லூசிலியே என்ற ஒருசெல் உயிரியைப் பயன்படுத்துவது. அதன் உடலில் உட்கருவுக்கு அப்பால் கைனெட்டோபிளாஸ்ட் என்றொரு சிறு பகுதி உண்டு. அதில் ஈரிழை டி.என்.ஏ. செறிந்து கிடக்கிறது. அந்தப் பகுதி ஒளிர்ந்தால், ஒட்டியிருப்பது டி.என்.ஏ. எதிர்ப்பொருள்தான் என்று பெரிதும் நம்பலாம். எலிசாவில் எல்லைக்கோட்டை ஒட்டிய முடிவு வந்து, அறிகுறிகளும் தெளிவாக இல்லையென்றால், கிரித்திடியா முறையில் சரிபார்ப்பதே முறையான அடுத்த அடி.

அடுத்தது ஆன்டி எஸ்.எம். 1966இல் டானும் குன்கெலும் இதை விவரித்தார்கள், எஸ்.எம். என்பது, யாருடைய ரத்தத்தில் இது கண்டறியப்பட்டதோ அந்த நோயாளியின் குடும்பப் பெயரின் முதலிரண்டு எழுத்துகள். லூபஸ் நோயாளிகளில் நூறில் 10 முதல் 30 பேருக்குத்தான் இது இருக்கும். ஆனால் இருந்துவிட்டால் லூபஸைத் தவிர வேறு நோயை நினைப்பது கடினம். ஆகவே நெகட்டிவ் என்றால் பெரிதாக ஒன்றும் சொல்லாது. பாசிட்டிவ் என்றால் மிகப் பெரிதாகச் சொல்லும். இங்கே ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. கல்லீரல் நோய்க்காகப் பார்க்கப்படும் ஸ்மூத் மசில் எதிர்ப்பொருளையும் சிலர் எஸ்.எம். என்றே எழுதிவிடுகிறார்கள், இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ரசீதில் எழுதப்பட்ட பரிசோதனைப் பெயரை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்டி ஆர்.என்.பி. லூபஸிலும் வரும், லூபஸ், ஸ்க்ளெரோடெர்மா, தசை அழற்சி ஆகியவற்றின் சாயல்கள் கலந்து வரும் கலப்பு இணைப்புத்திசு நோயில் உயர்ந்த அளவில் வரும்.

ரோ, லா என்ற எதிர்ப்பொருள்கள் எஸ்.எஸ்.ஏ., எஸ்.எஸ்.பி. என்றும் குறிக்கப்படுகின்றன. ஜோக்ரன் நோயிலும் லூபஸிலும் இவை காணப்படும். வெயிலில் தோல் தடிக்கும் தன்மையோடு ரோவுக்குத் தொடர்பு உண்டு. நோயறிதலைவிட மகப்பேற்றில்தான் இதன் முக்கியத்துவம் பெரிது. ரோ எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குச் சென்று, குழந்தையின் இதயத்தில் மின்னோட்டம் கடக்கும் பாதையைச் சிதைக்கக்கூடும். ரோ பாசிட்டிவான தாய்மார்களின் குழந்தைகளில் நூறில் ஏறத்தாழ இருவருக்குப் பிறவி இதயத் தடை ஏற்படுகிறது. நூறில் 98 குழந்தைகளுக்கு அது ஏற்படுவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். குழந்தை பெற எண்ணியிருக்கும் பெண் இதைக் கருத்தரிக்கும் முன்பே தெரிந்துகொண்டால், லூபஸுக்குத் தரப்படும் மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் தேவையா, கருவின் இதயத் துடிப்பை எந்த வாரத்திலிருந்து கண்காணிப்பது என்பதையெல்லாம் பதற்றமின்றித் திட்டமிடலாம். லூபஸ் ஐயமுள்ள இளம்பெண்ணுக்கு இந்தப் பரிசோதனையை விட்டுவிடுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

ஹிஸ்டோன் எதிர்ப்பொருள் மருந்தால் வரும் லூபஸில் மிகப் பெரும்பாலோருக்கு இருக்கும். ஆனால் வழக்கமான லூபஸிலும் இருக்கும் என்பதால், மருந்து வரலாறு இல்லாமல் அதற்குப் பொருள் இல்லை.

ரத்தக் கட்டோடு தொடர்புள்ள எதிர்ப்பொருள்கள்

ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருள்கள் என்ற குடும்பத்தில் மூன்று பரிசோதனைகள் உண்டு: லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட், கார்டியோலிபின் எதிர்ப்பொருள், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 எதிர்ப்பொருள். முதலாவதன் பெயர் இருமடங்கு தவறாக வழிகாட்டுகிறது. அது லூபஸைக் கண்டறியும் பரிசோதனை அன்று, லூபஸ் இல்லாதவரிடமும் வரும். ஆன்டிகோவாகுலன்ட் என்றால் ரத்தம் உறையாமல் தடுப்பது என்று பொருள், ஆனால் உடலுக்குள் அது ரத்தக் கட்டை உண்டாக்குகிறது. ஆய்வகக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தியதைக் கண்டு வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

ஹெபாரின், வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்பவரிடம் லூபஸ் ஆன்டிகோவாகுலன்ட் முடிவு பிழையாக வரக்கூடும் என்பதால், ரத்தம் எடுப்பவரிடமே மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். தொற்றுக் காய்ச்சலின்போது இந்த எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தோன்றி மறையும். ஆகையால் ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் பார்த்து, அப்போதும் நீடித்தால்தான் அதற்கு முழு மதிப்புத் தர வேண்டும். மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனையில் கார்டியோலிபின் பயன்படுத்தப்படுவதால், இந்த எதிர்ப்பொருள் உள்ளவருக்கு அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். இதை அறியாமல் குடும்பத்துக்குள் ஐயமும் அவமானமும் விளைவது பெருங்கொடுமை. உறுதிசெய்யும் தனிப் பரிசோதனை செய்யாமல் யாரும் யாரையும் குற்றம் சாட்டக் கூடாது.

உடன் எடுக்க வேண்டியவை

எதிர்ப்பொருள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிய வேறு பரிசோதனைகள் வேண்டும். எதிர்ப்பொருள்களுக்குத் துணையாகச் செயல்படும் சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்கள், அந்த எதிர்ப்பொருள்கள் திசுக்களில் படிந்து தாக்கும்போது செலவழிகின்றன. ஆகவே அவை குறைந்திருப்பது நோய் முனைப்பாக இருப்பதன் அடையாளம். முழு ரத்த அணு எண்ணிக்கையில் வெள்ளணுக்களோ தட்டணுக்களோ குறைந்திருக்கலாம். ரத்தசோகை இருந்தால், சிவப்பணுக்களை எதிர்ப்பொருள் அழிக்கிறதா என்று நேரடிக் கூம்ஸ் பரிசோதனை சொல்லும். இவை எல்லாவற்றையும்விட, மிக எளிய சிறுநீர்ப் பரிசோதனையை நான் உயர்வாக மதிக்கிறேன். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலி இருக்காது. சிறுநீரில் கசியும் புரதமும் ரத்த அணுக்களும் மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்பொருள் பரிசோதனைகளுக்குப் பெருந்தொகை செலவழித்துவிட்டு, சிறுநீரைப் பார்க்காமல் விடுவது பூட்டிய கதவைக் காத்துத் திறந்த கதவை மறப்பதற்கு ஒப்பானது.

முடிவுகளைச் சேர்த்து வாசித்தல்

ஐரோப்பிய, அமெரிக்க வாதவியல் அமைப்புகள் 2019இல் இணைந்து வெளியிட்ட வகைப்பாட்டு முறை, எதிர்ப்பொருளுக்கும் அறிகுறிக்கும் எவ்வளவு எடை தர வேண்டும் என்பதை நன்கு விளக்குகிறது. ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டதே தவிர, ஒருவருக்கு நோய் உண்டென்று தீர்மானிக்க வகுக்கப்பட்டதன்று. ஆயினும் சிந்திக்கும் ஒழுங்கைக் கற்றுத் தருகிறது. ஏ.என்.ஏ. குறைந்தது 1:80 அளவில் ஒருமுறையேனும் பாசிட்டிவாக இருந்திருக்க வேண்டும் என்பது நுழைவு விதி. அதற்கு மதிப்பெண் இல்லை. அதன் பிறகு, ஈரிழை டி.என்.ஏ. அல்லது எஸ்.எம். எதிர்ப்பொருளுக்கு 6, சி3, சி4 இரண்டும் குறைந்திருந்தால் 4, ஒன்று மட்டும் குறைந்திருந்தால் 3, ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்பொருளுக்கு 2, மூட்டு அழற்சிக்கு 6, வாய்ப்புண்ணுக்கு 2, நாளொன்றுக்கு அரை கிராமுக்கு மேல் சிறுநீரில் புரதம் கசிந்தால் 4 என்று செல்கிறது. வேறு காரணம் பொருத்தமாக இருந்தால் அந்த அறிகுறியை எண்ணக் கூடாது. மொத்தம் 10 வர வேண்டும். அதில் குறைந்தது ஓர் உடல் அறிகுறியாவது இருக்க வேண்டும். அதாவது, எதிர்ப்பொருள்களை மட்டும் வைத்து யாரும் லூபஸ் என்று வகைப்படுத்தப்படுவதில்லை.

ஏ.என்.ஏ. 1:160, ஸ்பெக்கில்டு என்று ஒரே அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். முதலாமவர் 24 வயதுப் பெண். கை மூட்டுகள் வீங்கியிருக்கின்றன; காலை விறைப்பு ஒரு மணி நேரம் நீடிக்கிறது; அண்ணத்தில் புண் இருக்கிறது. ஈரிழை டி.என்.ஏ. எதிர்ப்பொருள் பாசிட்டிவ். மூட்டுக்கு 6, புண்ணுக்கு 2, எதிர்ப்பொருளுக்கு 6 என்று 14 ஆகிறது. இவருக்கு உடனடியாக வாதநோய் மருத்துவரின் பார்வையும் சிறுநீரகத்தைப் பற்றிய கவனமும் தேவை. இரண்டாமவர் 60 வயதானவர். களைப்பும் உடல்வலியும் மட்டுமே உண்டு. தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுக்கிறார். மற்ற எதிர்ப்பொருள்களும் சிறுநீரும் இயல்பாக உள்ளன. களைப்புக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. இவருடைய மதிப்பெண் சுழியம். இவருடைய களைப்புக்குத் தைராய்டு அளவையும் ரத்தசோகையையும் உறக்கத்தையும் பார்க்க வேண்டும். தாள் ஒன்றேதான், பொருள் முற்றிலும் வேறு.

நலமாக இருப்பவரின் எதிர்ப்பொருள் எதிர்காலத்தைச் சொல்லுமா என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் எழும். 2003இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்கப் படைவீரர்களிடம் முன்பே சேமிக்கப்பட்டிருந்த சீரத்தைக் கொண்டு, பின்னாளில் லூபஸ் கண்டறியப்பட்ட 130 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 115 பேருக்கு நோயறிதலுக்கு முன்பே ஏதேனும் ஓர் எதிர்ப்பொருள் இருந்தது, சராசரியாக 3.3 ஆண்டுகளும், அதிகபட்சம் 9.4 ஆண்டுகளும் முன்பாக. ஏ.என்.ஏ.வும் ரோவும் முதலில் தோன்றின, எஸ்.எம்., ஆர்.என்.பி. ஆகியவை நோய் வெளிப்படும் காலத்தை ஒட்டித் தோன்றின. ஆனால் இது நோய் வந்தவர்களிடமிருந்து பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. எதிர்ப்பொருள் உள்ளவர்களிடமிருந்து முன்னோக்கிப் பார்த்தால், ஏ.என்.ஏ. மட்டும் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதே இல்லை. அறிகுறி இல்லாமல் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக உள்ளவருக்கு மருந்து தேவையில்லை. எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்ற தெளிவு தேவை.

நெகட்டிவ் வந்தும் ஐயம் தீரவில்லையென்றால், முறை ஹெப்-2தானா என்று பாருங்கள். ஏ.என்.ஏ. நெகட்டிவாகவே இருந்து ரோ மட்டும் பாசிட்டிவாக வருவது அரிதாக உண்டு. முன்னர் சொன்ன விதிவிலக்குகளில் இது முதன்மையானது. பிறவியிலேயே சில காம்ப்ளிமென்ட் புரதங்கள் இல்லாதவர்களுக்கும் ஏ.என்.ஏ. இல்லாமல் லூபஸ் வரலாம். தோல், சிறுநீரகம் போன்றவற்றில் திசு எடுத்துப் பார்ப்பது அப்போது எதிர்ப்பொருளைவிட உறுதியான சான்றாக அமையும்.

எதை மீண்டும் எடுப்பது, எதை விடுவது

நோய் உறுதியான பிறகு ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் பயனில்லை. அது நோயின் ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. எஸ்.எம்., ஆர்.என்.பி. ஆகியவற்றையும் அடிக்கடி அளக்க வேண்டியதில்லை. தொடர்ந்து பார்க்க வேண்டியவை ஈரிழை டி.என்.ஏ., சி3, சி4, ரத்த அணுக்கள், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம். ஈரிழை டி.என்.ஏ. அளவுக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் அலகும் எல்லையும் வேறுபடும். ஓர் ஆய்வகத்தின் 80ஐ இன்னோர் ஆய்வகத்தின் 120உடன் ஒப்பிடக் கூடாது. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் எடுத்து, எல்லா அறிக்கைகளையும் நாள் வரிசையில் ஒரு கோப்பில் வையுங்கள். எண் ஏறியும் உடலில் எந்த மாற்றமும் இல்லையென்றால், மருந்தைக் கூட்டுவதைவிட நெருக்கமாகக் கண்காணிப்பதே பெரும்பாலும் போதுமானது. அந்த முடிவை உங்களை முழுமையாகப் பார்த்த மருத்துவர் எடுக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் பரிசோதனைகள் சிலவற்றின் முடிவு வர நாட்கள் ஆகும். அதுவரை காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு: முகமும் கால்களும் வீங்கிச் சிறுநீர் நுரைத்தோ சிவந்தோ போதல், மூச்சுத்திணறலோடு நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தல், வலிப்பு, மனக்குழப்பம், கை கால் செயலிழத்தல், தோலில் சிவப்புப் புள்ளிகளோடு ரத்தக் கசிவு. இவற்றில் எது வந்தாலும் அறிக்கைக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, லூபஸ் ஐயத்தில் பரிசோதனை கொடுத்திருக்கிறோம் என்று முதல் சொல்லாகச் சொல்லுங்கள்.